ஏணி தைத்த கம்பளி

திருச்சிராப்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறேன். உயரே போகப் போகக் குளிரும் என்பது மூன்றாம் ஃபாரத்துப் பாடம். கரும்பலகையில் மலை வரைந்து, உச்சியில் சுண்ணாம்புக் கட்டியால் பனி தூவி, அதை ஒப்பிக்கத் தெரியாத பையன்களைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் கோடை விடுமுறையில் தனியாக இலங்கைக்குக் கிளம்பியபோது பெட்டியில் வைத்துக்கொண்டவை: மல் வேட்டி நான்கு, காற்று உள்ளே புகுந்து வெளியே போகிற மாதிரி ஒரு மெல்லிய கோட்டு, ஒரு விசிறி. கையில் வெயிலுக்கு ஒரு குடை. காரணம் கேட்டால் அதுவும் பூகோளம்தான். இலங்கை நம் ஊரைவிடப் பூமத்திய ரேகைக்குப் பக்கம். ஆகவே அங்கே இன்னும் சுடும்!

"ஸ்ரீரங்கத்துக்குப் போனாலே உங்களை யாராவது கொண்டுவந்து விட வேண்டியிருக்கு. கடல் தாண்டிப் போறீங்களாக்கும்" என்றாள் என் மனைவி.

பதுளைக்குப் பக்கத்தில் துன்ஹிந்த என்று ஒரு அருவி இருக்கிறது. அதை நேரில் பார்த்துப் படம் வரைந்து கொண்டுவந்து வகுப்பில் மாட்டப் போகிறேன் என்று தலைமையாசிரியர் முதல் மணியடிக்கிற ஆள்வரை சொல்லியாகிவிட்டது. இனிமேல் கடலே வற்றினாலும் நான் போய்த்தான் ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ரயில் அப்புத்தளைக்கு வந்து நின்றது. ஜன்னல் வழியாக மூடுபனி டிக்கெட் இல்லாமல் உள்ளே ஏறி என் மடியில் உட்கார்ந்தது. ஒரு மணி நேரமாகவே என் பற்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. விசிறியை எடுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது. ஆகவே பிளாட்பாரத்தில் இறங்கி, ஒரு கிழவரிடம் தேத்தண்ணி வாங்கினேன். தேநீரைத்தான் அங்கே அப்படிச் சொல்லுகிறார்கள். அவர் தந்தது தேநீரா எரிமலைக் குழம்பா தெரியவில்லை. ஊதினேன், உறிஞ்சினேன், மறுபடி ஊதினேன். நான் ஊதியதும் ரயில் ஊதியதும் ஒரே சமயமாக இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது கடைசிப் பெட்டி பனிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதோடு என் பெட்டியும் போயிற்று.

"ஐயா, ரயிலு போயிருச்சு" என்றது ஒரு குரல்.

"பார்த்தேன்."

"நீங்க போகலையா?"

"போவதாகத்தான் இருந்தேன். தேநீர் சுட்டது."

சிரித்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். தலையிலிருந்து முழங்கால்வரை கறுப்புக் கம்பளி, முதுகில் காலிக் கூடை. யாரையோ ரயிலேற்றிவிட வந்த தோட்டத்துப் பெண். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பல்லு தந்தியடிக்குதே! எந்த ஊருங்க?"

"திருச்சிராப்பள்ளி."

"ஆத்தாடி, நம்ம பக்கம்! எங்கப்பாரு தொறையூருங்க. நான் இங்கனயே பொறந்தவ, அந்த ஊரு பாத்ததில்ல. மலைக்கோட்டை இன்னும் இருக்குங்களா?"

"நான் கிளம்பும்போது இருந்தது."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று ஏதோ அவளே கட்டிவைத்ததுபோலத் திருப்திப்பட்டுக்கொண்டாள். மறுகணம் அந்தக் கம்பளி என் தலைமேல் வந்து விழுந்தது. அதில் மழை, புகை, தேயிலை மூன்றும் மணந்தன. நான் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன், பற்கள் விடவில்லை.

"இதை எப்படித் திருப்பித் தருவது? உங்கள் பெயர்? தோட்டம்?"

"அதெல்லாம் வந்து சேந்துரும், போங்கய்யா."

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு ஒன்று கூடையில் கிடந்தது. அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள். பத்து அடியில் பனி அவளை மூடிவிட்டது. கம்பளியின் மூலையைப் புரட்டிப் பார்த்தேன். சிவப்பு நூலில் ஓர் ஏணி தைத்திருந்தது. மூன்று படி; மேலே மஞ்சளில் ஒரு பொட்டு. அவளுடைய விலாசமாக என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அதன் கார்டு சிங்களவர். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். போர்ட்டர் தமிழாக்கினார்: "பின்னால் அவருடைய வண்டியில் ஏறச் சொல்கிறார். முதலில் அந்தக் கோப்பையைக் கீழே வைக்கச் சொல்கிறார்." என் புகழ் எனக்கு முன்னால் ரயில்வேயில் பரவிவிட்டது.

அப்போதெல்லாம் ரயில் பாதை பண்டாரவளையோடு முடிந்துவிடும். அங்கே என் பெட்டியின் மேல் ஒரு சுமையாள் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தார். "சாமான் முன்னால வந்துச்சு, ஆளு பின்னால வரும்னு தெரியும்" என்றார். அவரே என்னை ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கடைக்கு அழைத்துப் போனார். கருவாடு முதல் கம்பளிவரை எல்லாம் விற்கிற முஸ்லிம் கடை. முதலாளியை ஊரே நானா என்று கூப்பிட்டது. நானா என்றால் அவர்களில் அண்ணன். நானும் ஐந்தாவது நிமிஷத்தில் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

"இரிங்க வாத்தியார். கம்பளிய அந்த ஆணியில மாட்டிட்டு இரிங்க" என்றார் நானா.

கதவோரச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குத் தடித்த ஆணி. அதில் நாலைந்து பழைய கம்பளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எனக்கு எதுவும் சட்டென்று புரிந்துவிடும், அதுதான் தொல்லை. இவர் பழைய கம்பளி வியாபாரி, என்னுடையதையும் அந்தக் கும்பலில் கலந்துவிடப் பார்க்கிறார்!

"பரவாயில்லை, என்னிடமே இருக்கட்டும்."

"ஆணியில இரிந்தா நல்லம்."

"என்னிடம் இருந்தால் இன்னும் நல்லம்" என்று கம்பளியைக் குழந்தைபோல இடுக்கிக்கொண்டேன்.

நானா தாடியைத் தடவினார். "பதுளைக்குப் போறீங்களா? அப்ப சரி, குளிருக்குத் தேவைப்படும். திரும்பி வாற நேரம் மாட்டுங்க." வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தார். எங்கள் ஊரில் சேவை என்று ஒன்று உண்டு. இனி அதை இடியாப்பத்தின் ஏழை உறவு என்றுதான் சொல்லுவேன். பதினோரு இடியாப்பம் சாப்பிட்டதாக நானா மறுநாள் சுமையாளிடம் சொன்னார். ஒன்பதுதான்.

புதன்கிழமை பெட்டியை நானா கடையிலேயே விட்டுவிட்டு, ஒரு பையும் கம்பளியுமாக மாட்டு வண்டியில் பதுளைக்குப் புறப்பட்டேன். ஹாலிஎலைக்குச் சற்று முன்னால், இறக்கத்தில், வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்று எங்களுக்கு முன்னால் உருண்டோடியது. அதுதான் எங்களைவிடச் சீக்கிரம் ஹாலிஎலை சேர்ந்தது. சிங்களக் கிராமத்து ஆட்கள் நாலு பேர் வயலிலிருந்து ஏறி வந்து அதைப் பிடித்து, காய்ச்சி, அடித்து மாட்டினார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் அவித்த பலாக்காயைத் தேங்காய்ப்பூவோடு வாழையிலையில் கொண்டுவந்து நீட்டினாள். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்கிறாள்?" என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

"'இவ்வளவு பெரிய மனுஷர், இவ்வளவு சின்ன வேட்டி' என்கிறாள்."

என் வேட்டியின் மறுபாதி மேடு ஏறும்போது கிழிந்துபோன கதையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பதுளை நல்ல ஊர். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம்போல ஊர். கதிரேசன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அருவிக்கு வழி விசாரித்தேன். நடந்தே போகலாம், வெள்ளிக்கிழமை காலையில் போனால் வெயிலில் பார்க்கலாம் என்றார்கள். பென்சில் சீவி வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் சித்திரை மழை என்றால் ஆளுக்கு நாலு துளி, அதையும் அடுத்த வருஷம்வரை பேசுவோம். இங்கே வானமே அவிழ்ந்து விழுந்தது. ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த தோட்டத்து மனிதர் ஒருவர் என் தோளையே பார்த்தார்.

"அது பொம்பளையாளு கம்பளியாச்சே?"

அப்புத்தளைக் கதையைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வருஷத்துக்கு ஒண்ணுதாங்க கெடைக்கும். மழை பேஞ்சாலும் மலைக்குப் போய்த்தானே ஆகணும்? கம்பளி இல்லாம நாலு நாளு நனைஞ்சா நெஞ்சு கட்டிக்கும். போன மழைக்கு எங்க லயத்து வரிசை வீட்டுல ஒரு ஆளு அப்படித்தான் போச்சு" என்றார்.

ஒரு கம்பளி போனால் இன்னொன்று இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் தலையில் கவிழ்த்துக்கொண்ட சாக்கு கண்முன் வந்தது. மழை விடவில்லை. தோளில் கிடந்த கம்பளி திடீரென்று என் பெட்டியைவிடக் கனத்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வெயில்! பென்சில் கூராக இருந்தது. அருவி நடக்கிற தூரத்தில் இருந்தது. நான் பண்டாரவளை போகிற வண்டியைப் பிடித்தேன். அருவியைப் பிறகு பார்க்கலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ளவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினால்தான் பள்ளி திறக்கும்போது நான் வகுப்பில் இருப்பேன். வண்டி போய்ச் சேர இருட்டிவிட்டது. நானாவை மறுபடி தொந்தரவு செய்யக் கூச்சப்பட்டு, ஸ்டேஷனிலேயே கம்பளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய நாணயஸ்தன் ஒருவனைப் பண்டாரவளை ஸ்டேஷன் அன்று தாங்கிக்கொண்டிருந்தது என்பது என் எண்ணம்.

சனிக்கிழமை காலையில் அப்புத்தளையில் இறங்கிப் பெரகலைவரை மலையிறங்கினேன். கடை கடையாக ஏணியைக் காட்டினேன். மூன்றாவது கடைக்காரர் பார்த்தவுடனே, "இது தோட்டத்துக் கீழ்ப்பிரிவு வெள்ளையம்மாவுது. அந்தக் குறுக்கால போங்க" என்று தேயிலைக்குள் ஒரு ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். அந்தப் பாதை முழுக்க அட்டைகள். ஒவ்வொன்றும் என் காலில் தனித்தனியாகக் குசலம் விசாரித்தது.

பாதி வழியில் ஒரு தடி குறுக்கே நீண்டது. தடியின் மறுமுனையில் கங்காணி: தலைப்பாகை, வேட்டிமேல் கறுப்புக் கோட்டு, என் கோட்டைவிட நாலு மடங்கு தடித்தது.

"யாருய்யா நீ? யாரக் கேட்டு உள்ள வந்த?"

"நான் ஒரு வாத்தியார்."

"போன மாசம் வந்தவனும் வாத்தியாருன்னுதான் சொன்னான். மறுநாக் காலையில பெரட்டுல ஆளு எண்ணுனா பன்னெண்டு பேரக் காணோம். வேற தோட்டத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். நீ எந்தத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்திருக்க?"

"ஐயா, நான் பூகோளம் நடத்துகிறவன்."

"அப்படியா? சரி, பதுளை எந்தப் பக்கம், காட்டு."

பதினான்கு வருஷ அனுபவம் முழுவதையும் ஒரு விரலில் திரட்டிப் பனிக்குள் நீட்டினேன்.

"அந்தப் பக்கம் வெல்லவாயாக் காடு" என்றார் கங்காணி. "ஆனைதான் இருக்கும். அதுக்கா பாடம் நடத்துற?"

இனிப் பேசிப் பயனில்லை. கம்பளியின் மூலையைப் புரட்டிக் காட்டினேன். ஏணியைப் பார்த்ததும் தடி கீழே இறங்கியது. என் முகத்தைப் பார்த்தார், மறுபடி ஏணியைப் பார்த்தார். பிறகு மலைப்பக்கம் திரும்பி, "ஏ வெள்ளையம்மா! ஓன் கம்பளி நடந்து வந்திருக்கு புள்ள!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. சரிவு முழுக்கப் பெண்கள், வரிசை வரிசையாக. அதில் இரண்டு பேர் ஒரே கம்பளிக்குள் நான்கு கையோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. அவள்தான். நெஞ்சு கட்டவில்லை, கண் பளிச்சென்று இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"அட, ரயில விட்ட ஐயா! இதத் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரமா வந்தீங்க?"

"உங்களுக்கு ஒன்றுதான் என்று கேள்விப்பட்டேன். அருவிக்குக்கூடப் போகாமல் வந்துவிட்டேன்" என்றேன். குரலில் கொஞ்சம் தியாகமும் சேர்த்துக்கொண்டேன்.

"ஏங்க, நானா கடையில ஆணி இருக்கே, அதுல மாட்டலையா?"

"எந்த ஆணி?" என்று கேட்டுவிட்டேன். கேட்கும்போதே எந்த ஆணி என்று தெரிந்துவிட்டது.

வெள்ளையம்மா கூடை குலுங்கச் சிரித்தாள். அவள் சொன்னது அடுத்த வரிசைக்குப் போய், அங்கிருந்து மேலே போய், மலை முழுக்கச் சிரித்தது. கங்காணிதான் பொறுமையாக விளக்கினார். சுற்றிலும் உள்ள தோட்டங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ ரயிலேறுகிறவர்கள் குளிரில் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் நிற்கிறவர் தன் கம்பளியைப் போர்த்தி அனுப்பிவிடுவார். பெயர் கேட்கிற வழக்கமில்லை. போர்த்திக்கொண்டவர் பண்டாரவளையில் வேலை முடிந்ததும் நானா கடை ஆணியில் மாட்டிவிட வேண்டியது. வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துக் கடைக்குச் சாமான் எடுக்கப் போகிற வண்டி, அடையாளம் பார்த்து எடுத்துவந்து அவரவர் லயத்தில் போட்டுவிடும்.

"நேத்து வெள்ளிக்கிழமை" என்றாள் வெள்ளையம்மா. "என் கம்பளிதான் வரலைன்னாங்க."

ஆக, நான் ஒரு சோம்பேறியாக இருந்து அதை ஆணியில் மாட்டியிருந்தால், நேற்றே அவள் தோளுக்கு வந்திருக்கும். நான் யோக்கியனாக இருந்ததால் அவளுக்கு ஒரு நாள் நஷ்டம், எனக்கு ஓர் அருவி நஷ்டம்.

"நாலு நாளா எப்படிச் சமாளித்தீர்கள்?"

"இந்தா, இவ கம்பளிக்குள்ளதான்" என்று பக்கத்திலிருந்தவளைக் காட்டினாள்.

"கம்பளியக் குடுக்கலாங்க, அது பெருசில்ல" என்றாள் பக்கத்துக்காரி. "நாலு நாளா இவ பாட்ட இம்புட்டுக் கிட்ட நின்னு கேட்டேனே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"எப்போதாவது ஒரு கம்பளி திரும்பி வராமல் போனதுண்டா?" என்று கேட்டேன்.

வெள்ளையம்மா நிஜமாகவே யோசித்தாள். "ஒண்ணு வரல. அத ஆடு தின்னுருச்சு."

நான் பெருமைப்பட்டேன். என்னைப் பற்றியல்ல, அதற்கு அன்று இடமில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் குடை வைக்க ஒரு மூலை உண்டு. பி.ஏ. படித்தவர்கள் பதினோரு பேர் புழங்குகிற அந்த மூலையில், மழை நாளில் வைத்த குடை மாலையில் இருந்ததில்லை. இங்கே பெயர் எழுதத் தெரியாதவர்கள் ஏணி தைத்து, வருஷத்துக்கு ஒரே ஒரு கம்பளியை முகம் தெரியாத ஆள்மேல் போர்த்தி, ஓர் ஆணியை நம்பிச் சாக்கைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அவர்கள் என் ஜில்லாக்காரர்கள். இதைச் சொல்லும்போது என் மெல்லிய கோட்டின் பித்தான்கள் தெறிக்கின்றன, தெறிக்கட்டும்.

மத்தியானம் வெள்ளையம்மாவின் லயத்து அறையில் குரக்கன் ரொட்டியும் இடித்த மிளகாய்ச் சம்பலும் கிடைத்தன. குரக்கன் என்றால் நம் கேழ்வரகுதான். அந்தச் சம்பல் போன வழியெல்லாம் எனக்கு இன்றும் தெரியும். கங்காணி என் கால் அட்டைகளுக்கு அவர் கையாலேயே உப்பு வைத்தார். கிளம்புகிற சமயம் பார்த்து மழை கொட்டியது. வாசலில் நின்றேன். மறுபடியும் அதே கம்பளி என் தலைமேல் விழுந்தது.

"வேண்டாம், வேண்டவே வேண்டாம்!"

"இப்ப ஆணி தெரியும்ல? மாட்டிருங்க" என்றாள். அவள் ஏற்கெனவே பக்கத்துக்காரியின் கம்பளிக்குள் நுழைந்திருந்தாள். பக்கத்துக்காரி, "ஐயா, வெள்ளிக்கிழமைக்குள்ள மாட்டிருங்க! பாட்டுத் தாங்காது!" என்று கத்தினாள்.

கங்காணி என்னை அப்புத்தளை ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டார். என் மனைவி சொன்னது பலித்தது. "ரயிலு வர்ற வரைக்கும் என்ன வேணும்னாலும் கேளுங்க வாத்தியாரே, தேத்தண்ணி மட்டும் கேக்காதீங்க" என்றார்.

பண்டாரவளையில் நேரே நானா கடைக்குப் போய் ஏணிக் கம்பளியை ஆணியில் மாட்டினேன். நானா இந்தத் தடவை சிரிப்பை விழுங்கவில்லை. "கடைசியில விட்டீங்களே!" என்றார். "முந்தியே சொல்லியிருக்கலாமே நானா" என்றேன். "ஆணியில மாட்டுங்கன்னு சொன்னேனே. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?" என்றார். நியாயம்தான்.

பிறகு அவர் கடையிலேயே ஒரு புதுக் கம்பளி வாங்கினேன். ஊசியும் சிவப்பு நூலும் கேட்டேன். அருவி வரைய வைத்திருந்த பென்சிலால் மூலையில் திருச்சி மலைக்கோட்டையை வரைந்து, மூன்று தடவை விரலைக் குத்திக்கொண்டு தைத்து முடித்தேன்.

நானா விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தார். "நல்ல நண்டு."

"மலைக்கோட்டை."

"சரி, நண்டுக் கம்பளி" என்று அதை ஆணியில், ஏணிக் கம்பளிக்குப் பக்கத்தில் மாட்டினார்.

ஊருக்கு வந்ததும் அருவிப் படம் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். அடுத்த வருஷம் ஐப்பசியில் நானாவிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. வகுப்பில் உரக்கப் படித்தேன். ஆசிரியர் அறையில், குடை மூலைக்குப் பக்கத்தில் நின்று இன்னும் உரக்கப் படித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"நண்டு இதுவரை மூன்று தரம் போய்த் திரும்பி வந்தது. முந்தாநாள் யாரோ அதை அப்புத்தளைக்குப் போர்த்திப் போனார்கள். யாரென்று தெரியாது. இங்கே நல்ல மழை."